பீச் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா? கேமில் ஜாயின்ட்டுக்கு அச்சு பிடிக்கும் வேலை

மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை நோக்கி ஆட்டோவில் போகிறீர்கள். கடல் சோத்தாங்கைப் பக்கம் இருக்கும். அதே ஆட்டோ யூ டர்ன் அடித்தால் கடல் பீச்சாங்கைப் பக்கம் வந்துவிடும். கடல் எங்கேயும் போகவில்லை, வண்டிதான் திரும்பியது. டிரைவரிடம் "பீச் பக்கம் போங்க" என்றால் வண்டி எப்படி நின்றாலும் அது கிழக்குதான். "பீச்சாங்கைப் பக்கம் போங்க" என்றால், வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறதோ அதைப் பொறுத்தது. முதலாவது குளோபல் அச்சு. இரண்டாவது லோக்கல் அச்சு.

தியரி அவ்வளவுதான். ஆனால் கேம் எஞ்சினுக்குள் ஒரு கதவை மாட்டும்போது, நாம் "பீச் பக்கம்" என்று மனதில் நினைத்துக்கொண்டு "பீச்சாங்கைப் பக்கம்" என்று எழுதிய கட்டத்தில் எண்ணைப் போட்டுவிடுகிறோம். புதிதாக வருபவர்களின் ஜாயின்ட் (ஒரு பொருளை இன்னொன்றோடு அசையும்படி இணைக்கும் மூட்டு) தகராறுகளில் பெரும்பகுதி இதுதான். இதை யூனிட்டி என்ற கேம் எஞ்சினை வைத்துச் சொல்கிறேன். கோடோ, அன்ரியல் பயன்படுத்துபவர்களுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது.

என் முதல் கேமில் ஒரு தெரு, ஒரு ஆட்டோ, ஒரு வீட்டு இரும்பு கேட். கேட்டை பிளெண்டர் என்ற 3டி மாடல் மென்பொருளில் செய்து யூனிட்டிக்குக் கொண்டுவந்தேன். கீல் போலச் சுழலும் ஹிஞ்ச் ஜாயின்ட் சேர்த்தேன். ப்ளே அழுத்தினேன். ஆட்டோ இடித்ததும் கேட் பக்கவாட்டில் திறக்காமல், தபால் பெட்டி மூடி மாதிரி அடியில் பிளந்துகொண்டு மேலே போனது. ஏனென்றால் யூனிட்டி ஹிஞ்ச் ஜாயின்ட்டின் அச்சு, நாம் தொடாதவரை 1, 0, 0. அதாவது எக்ஸ். என் கேட்டின் அகலம் எக்ஸ் திசையில் இருந்ததால், படுக்கைவாட்டில் ஒரு கம்பியைச் செருகியது போல ஆகிவிட்டது.

சரி, யூனிட்டியில் ஒய்தானே மேல் நோக்கிய அச்சு என்று 0, 1, 0 போட்டேன். இந்த முறை கேட் கடிகார முள் போலச் சரிந்து கீழே இறங்கியது. வீட்டு கேட் கேட்டால் ரயில்வே கேட் கிடைத்தது. அரை நாள் போன பிறகு காரணம் புரிந்தது. பிளெண்டரில் மேல் நோக்கிய அச்சு இசட். அதை யூனிட்டிக்குக் கொண்டுவந்தபோது, மாடல் நேராக நிற்பதற்காக எக்ஸ் சுழற்சியில் -90 ஏறியிருந்தது. பார்வைக்கு கேட் நேராகத்தான் நின்றது. ஆனால் அதன் சொந்த ஒய் அச்சு தரையோடு படுத்துக் கிடந்தது. அதன் சொந்த இசட்தான் வானத்தைப் பார்த்தது. ஜாயின்ட்டின் ஆக்சிஸ் கட்டம் கேட்டின் சொந்த அச்சுகளில்தான் கணக்கு வைக்கும், உலகத்தின் அச்சுகளில் அல்ல. 0, 0, 1 போட்டதும் கேட் ஒழுங்காகத் திறந்தது.

ஆனாலும் 0, 0, 1 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

பொருளை முதலில் நேராக்குங்கள்

காலியான ஒரு கேம் ஆப்ஜெக்டை உருவாக்குங்கள். சுழற்சி 0, 0, 0. அளவு 1, 1, 1. இதைக் கேட்டின் கீல் இருக்கும் ஓரத்தில், தூணை ஒட்டி வையுங்கள். கேட் மாடலை இதற்குள் குழந்தையாகப் போடுங்கள். அந்த -90 குழந்தையோடு இருக்கட்டும், பரவாயில்லை. ரிஜிட் பாடியும் (பொருளை எடை, மோதல், விசைக்கு ஏற்ப அசைய வைக்கும் பகுதி) ஜாயின்ட்டும் வெளியே உள்ள காலிப் பொருளில்தான் ஏற வேண்டும். இப்போது ஜாயின்ட்டுக்குத் தெரிகிற ஒய், உண்மையிலேயே மேலே பார்க்கிற ஒய்.

பிளெண்டரிலிருந்து ஏற்றுமதி செய்யும் முன் கன்ட்ரோல் ஏ அழுத்திச் சுழற்சியையும் அளவையும் அப்ளை செய்யுங்கள். இது நல்ல பழக்கம், ஆனால் இது மட்டும் அந்த -90ஐ நீக்காது. மாடல் வேறு யாரோ கொடுத்தது என்றால் காலிப் பொருள் வழிதான் நிம்மதி.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கேட் குட்டையாக இருக்கிறதே என்று தாய்ப் பொருளின் ஒய் அளவை மட்டும் 1.5 ஆக்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்த தாய்க்குள் சுழலும் குழந்தை கோணல்மாணலாகிவிடும். ஆங்கர் புள்ளியும் (ஜாயின்ட் பொருளைப் பிடிக்கும் இடம்) அந்த அளவோடு சேர்ந்து நகரும். நீட்டுவதானால் மாடலை மட்டும் நீட்டுங்கள்.

ஜாயின்ட்டை மாட்டுங்கள்

காலிப் பொருளில் ஹிஞ்ச் ஜாயின்ட் சேர்த்து ஆங்கரை 0, 0, 0 ஆக்குங்கள். வேறு எண் தானாக வந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், காலிப் பொருளைக் கீலில்தானே வைத்திருக்கிறோம். ஆக்சிஸில் 0, 1, 0. கனெக்டட் பாடியைக் காலியாக விட்டால் கேட் உலகத்தோடு கட்டப்படும். அசையாத தூணில் மாட்டிய கேட்டுக்கு இது போதும்.

லிமிட்ஸில் குறைந்தது 0, அதிகம் 90 என்று போடுங்கள். இந்த 0 எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? ப்ளே அழுத்தும் நேரத்தில் கேட் எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து. கேட்டைப் பாதி திறந்து வைத்துவிட்டு ப்ளே அழுத்தினால் அந்தப் பாதிதான் 0. எனவே காட்சியில் எப்போதும் மூடியே வையுங்கள். வீட்டுக்குள் திறக்க வேண்டிய கேட் தெருப் பக்கம் திறந்தால், அச்சை 0, -1, 0 ஆக்குங்கள், அல்லது எல்லையை -90, 0 என்று மாற்றுங்கள். இரண்டில் ஒன்று போதும். இரண்டையும் மாற்றினால் பழையபடி தெருவுக்கே திறக்கும்.

37 டிகிரியில் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். சுழற்சி 0, 0, 0 ஆக இருக்கும் பொருளில் லோக்கல் அச்சும் குளோபல் அச்சும் ஒன்றாகவே இருக்கும். தப்பாக எழுதிய புரோகிராமும் அங்கே சரியாக வேலை செய்யும். வீடியோவில் பார்த்துச் செய்த பெட்டி ஆடியது, நம் சொந்த மாடல் ஆடவில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அவர்கள் பெட்டி 0, 0, 0 இல் நின்றுகொண்டிருந்தது.

90 டிகிரியும் நல்ல சோதனை அல்ல. அச்சுகள் இடம் மாறி மாறி உட்கார்ந்து, சில தவறுகள் கண்ணில் படாமல் தப்பிக்கும். கேட்டை, தூணோடு சேர்த்து, ஒய்யில் 37 டிகிரி திருப்பி வையுங்கள். 37க்கு எந்தச் சிறப்பும் இல்லை. எதோடும் ஒட்டாத எண் வேண்டும், அவ்வளவுதான். அங்கேயும் கேட் ஒழுங்காகத் திறந்தால் தெரு முழுக்கக் காப்பி போடலாம்.

இங்கே எல்லோரையும் குழப்புகிற ஒரு பட்டன் உண்டு. காட்சியின் மேல் பட்டையில் லோக்கல், குளோபல் என்று மாறும் பொத்தான். எக்ஸ் விசையை அழுத்தினாலும் மாறும். அது, நீங்கள் பிடித்து இழுக்கும் சிவப்பு, பச்சை, நீல அம்புகள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும்தான் மாற்றும். ஜாயின்ட்டின் அச்சை அது தொடாது. குளோபல் என்று வைத்துவிட்டு "இப்போது ஆக்சிஸ் உலக அச்சில் இருக்கிறது" என்று நினைத்தால் ஏமாந்தோம். ஆனால் லோக்கலில் வைத்துப் பார்த்தால் ஒரு பயன் உண்டு. பச்சை அம்பு எங்கே போகிறதோ அதுதான் 0, 1, 0. நம் ரயில்வே கேட் விவகாரம் ஒரே பார்வையில் தீர்ந்திருக்கும்.

இன்ஸ்பெக்டரில் (பொருளின் விவரப் பலகை) தெரியும் சுழற்சி எண்களும் உலகக் கணக்கு அல்ல, தாய்ப் பொருளை வைத்துச் சொல்லும் கணக்கு. தாய் சாய்ந்திருந்தால் குழந்தையின் 0, 0, 0 உம் சாய்வுதான்.

ரசமட்டம் எப்போது, மூலமட்டம் எப்போது

கொத்தனார் இரண்டு கருவி வைத்திருப்பார். மூலமட்டம், பக்கத்துச் சுவரைப் பார்த்து இது செங்கோணமா என்று சொல்லும். ரசமட்டம் எந்தச் சுவரையும் பார்க்காது, பூமியைப் பார்த்துச் சொல்லும். நமக்கும் இரண்டும் வேண்டும்.

சென்னையில் பல வீடுகளில் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலை உயர்த்தி, தெருவிலிருந்து ஒரு சரிவு கட்டியிருப்பார்கள். என் கேமிலும் கட்டினேன். கேட்டை அந்தச் சரிவுக்குள் குழந்தையாகப் போட்டுவிட்டேன். சரிவோடு சேர்ந்து கேட்டும் 8 டிகிரி சாய்ந்தது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. ப்ளே அழுத்தியதும் யாரும் தொடாமல் கேட் மெல்லத் திறந்துகொண்டது. பேய் எல்லாம் இல்லை. கீல் அச்சு நேர்செங்குத்தாக இல்லாவிட்டால், புவியீர்ப்பு கேட்டை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்கு இழுக்கும். தூக்குக்குண்டு பிடிக்காமல் மாட்டிய நிஜ கேட்டும் இப்படித்தான் தானாக ஆடும்.

கேட்டைச் சரிவிலிருந்து வெளியே எடுத்து நேராக நிறுத்துவதுதான் எளிய வழி. சாய்ந்த பொருளுக்குள்தான் இருந்தாக வேண்டும் என்றால், ஜாயின்ட்டை உருவாக்கும் இடத்திலேயே ஒரு முறை கணக்குப் போட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது உலகத்தின் மேல் திசை, அதாவது வெக்டர்3 அப். அதைக் கேட்டின் டிரான்ஸ்ஃபார்மிலுள்ள இன்வெர்ஸ் டிரான்ஸ்ஃபார்ம் டைரக்‌ஷன் வழியாக அனுப்பினால், "உலகத்துக்கு மேல் என்பது கேட்டின் பாஷையில் என்ன" என்று மூன்று எண்கள் வரும். அதை ஆக்சிஸில் போடுங்கள். தலைகீழ் வேலைக்கு டிரான்ஸ்ஃபார்ம் டைரக்‌ஷன், கேட்டின் பாஷையிலிருந்து உலக பாஷைக்கு. திசைக்கு டைரக்‌ஷன், ஆங்கர் போன்ற புள்ளிக்குப் பாயிண்ட். இரண்டையும் மாற்றிப் போட்டால் கேட் எங்கோ வானத்தில் தொங்கும்.

கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். டிபக் டிரா ரே கொண்டு, ஆங்கர் புள்ளியிலிருந்து அச்சுத் திசையில் ஒரு கோடு வரையுங்கள். இரண்டையும் உலகக் கணக்குக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். கோடு தூணை ஒட்டி நேராக நின்றால் சரி. எண்களை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு கோடு ஆயிரம் மடங்கு மேல்.

ஆட்டோ ஹேண்டில்பார்: சாய்ந்த அச்சு

கேட் எளிது. ஆட்டோவின் ஹேண்டில்பாரைப் பாருங்கள். அது திரும்பும் குழாய் நேராக நிற்காது, மேல்பக்கம் ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்த அச்சு எக்ஸும் இல்லை, ஒய்யும் இல்லை, இசட்டும் இல்லை.

20 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் முன்பக்கம் இசட், மேல்பக்கம் ஒய். அப்படியானால் அச்சு 0, 0.94, -0.34. இப்படி எண்ணைப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் நாளைக்கு சாய்வை 23 ஆக்கினால் மறுபடி கால்குலேட்டர் எடுக்க வேண்டும். நான் செய்வது வேறு. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கு ஒரு காலிப் பொருள், அதை எக்ஸில் -20 சாய்த்து, பச்சை அம்பு குழாயின் மேலேயே ஓடும்படி வைப்பேன். ரிஜிட் பாடியும் ஜாயின்ட்டும் அதில். ஆக்சிஸ் வெறும் 0, 1, 0. சாய்வை மாற்ற வேண்டுமென்றால் பொருளைச் சாய்த்தால் போதும், ஜாயின்ட்டைத் தொட வேண்டாம்.

இங்கே கனெக்டட் பாடியில் ஆட்டோவின் ரிஜிட் பாடியை இழுத்துப் போட மறக்காதீர்கள். நான் மறந்தேன். ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் ஆட்டோ ஜம்மென்று கிளம்பிப் போய்விட்டது. ஹேண்டில்பார் மட்டும் முன்சக்கரத்தோடு ஸ்டாண்டிலேயே, காற்றில், சவாரிக்குக் காத்திருப்பது போல நின்றது. காலியாக விட்டால் உலகத்தோடு கட்டும் என்று மேலே சொன்னேனே, அது இங்கே இப்படிக் கடிக்கும்.

அடுத்தது, திருப்புகிற விசை. ஆட் டார்க் என்ற கட்டளை உலக அச்சுகளில் பேசும். ஆட் ரிலேட்டிவ் டார்க் பொருளின் சொந்த அச்சுகளில் பேசும். சமதளச் சாலையில் முதலாவதைப் போட்டு ஓட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஜெமினி மேம்பாலம் போல ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். வண்டியோடு சேர்ந்து குழாயும் பின்னால் சாய்ந்துவிட்டது, நீங்களோ இன்னும் உலகத்தின் ஒய்யைப் பிடித்துத் திருகுகிறீர்கள். விசையில் ஒரு பங்கு, குழாய் திரும்பவே முடியாத திசையில் போய் ஜாயின்ட்டை நெரிக்கும். ஸ்டியரிங் மந்தமாகும். ரிலேட்டிவ் போட்டால் ஏற்றமோ இறக்கமோ ஒரே பிடி. நிஜ ஆட்டோ டிரைவரும் ஹேண்டில்பாரைத்தானே பிடித்துத் திருப்புகிறார், வானத்தை அல்ல.

மெட்ரோ கதவு

சறுக்கும் கதவுக்கு யூனிட்டியில் கான்ஃபிகரபிள் ஜாயின்ட் வேண்டும். புதியவர்கள் முதல் வாரத்தில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. இருந்தாலும் தேவைப்படும்.

இதில் ஆக்சிஸ், செகண்டரி ஆக்சிஸ் என இரண்டு திசைகள் கொடுப்போம், மூன்றாவதை எஞ்சினே இரண்டுக்கும் செங்குத்தாகப் போட்டுக்கொள்ளும். கீழே எக்ஸ் மோஷன், ஒய் மோஷன் என்று வருபவை பொருளின் எக்ஸ், ஒய் அல்ல. நீங்கள் ஆக்சிஸ் என்று எதைச் சொன்னீர்களோ அதுதான் இந்த ஜாயின்ட்டின் எக்ஸ். ரயிலின் நீளம் இசட் திசையில் இருந்தால் ஆக்சிஸ் 0, 0, 1, செகண்டரி 0, 1, 0. எக்ஸ் மோஷனை லிமிடெட், மற்ற ஐந்தையும் லாக்ட் என்று வையுங்கள். கனெக்டட் பாடி, ரயில் பெட்டி. அப்போதுதான் வளைவில் ரயில் திரும்பும்போது கதவின் சறுக்குத் திசையும் சேர்ந்து திரும்பும்.

லீனியர் லிமிட்டில் 0.7 என்று போட்டால் கதவு ஒரு பக்கம் மட்டும் 0.7 மீட்டர் போகாது, இரண்டு பக்கமும் போகும். மூடிய கதவு இன்னும் மூடி, அடுத்த கதவுக்குள் புகும். ஒரு பக்கம் மட்டும் 0.7 வேண்டுமானால் லிமிட்டை 0.35 ஆக்கி, ஆட்டோ கான்ஃபிகர் டிக்கை எடுத்துவிட்டு, கனெக்டட் ஆங்கரைத் திறக்கும் பக்கம் 0.35 நகர்த்துங்கள். அந்தக் கனெக்டட் ஆங்கர் எண் பெட்டியின் லோக்கல் கணக்கு, கதவினுடையது அல்ல. ஒரே ஜாயின்ட்டுக்குள் இரண்டு பேர் பாஷை.

வேறு எஞ்சின்களில்

கோடோவில் ஜாயின்ட் தனி நோட். அச்சு எண் எழுதும் கட்டம் கிடையாது, நோடையே திருப்பி வைக்க வேண்டும். ஹிஞ்ச் ஜாயின்ட்3டி தன் சொந்த இசட்டைச் சுற்றிச் சுழலும், ஸ்லைடர் ஜாயின்ட்3டி தன் எக்ஸில் சறுக்கும். ஆகவே வீட்டு கேட்டுக்கு அந்த நோடை எக்ஸில் -90 திருப்பினால் நீல அம்பு வானத்தைப் பார்க்கும். லோக்கல், குளோபல் மாற்ற T விசை. அப்ளை டார்க் உலக அச்சில்தான் வாங்கும், அதனால் பொருளின் குளோபல் பேசிஸால் பெருக்கிக் கொடுங்கள்.

அன்ரியலில் மேல் திசை இசட், அளவு சென்டிமீட்டரில். ஃபிசிக்ஸ் கன்ஸ்ட்ரெயின்ட்டில் ட்விஸ்ட் எக்ஸைச் சுற்றி, ஸ்விங் 1 இசட்டைச் சுற்றி, ஸ்விங் 2 ஒய்யைச் சுற்றி. நேராக நிற்கும் கேட்டுக்கு ஸ்விங் 1ஐ மட்டும் திறந்துவிட்டு மற்ற இரண்டையும் பூட்டுங்கள்.

கை விவகாரமும் உண்டு. யூனிட்டியும் அன்ரியலும் இடக்கைக் கணக்கு, கோடோவும் பிளெண்டரும் வலக்கைக் கணக்கு. அந்தந்தக் கையின் கட்டைவிரலை அச்சின் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் மடங்கும் பக்கம்தான் பிளஸ் சுழற்சி (அன்ரியலின் சுழற்சிக் கட்டத்தில் எக்ஸும் ஒய்யும் மட்டும் இதற்கு எதிர்). ஒரு எஞ்சினிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே காப்பி அடித்தால் கேட் எதிர்ப்பக்கம் திறப்பது இதனால்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர் நீங்கள் விரலை மடக்கி மடக்கிப் பார்ப்பதைக் கவனித்துச் சிரிப்பார். அவரும் நேற்று அதைத்தான் செய்திருப்பார்.

அச்சு சரி, இருந்தும் கேட் நடுங்குகிறது

வரைந்த கோடு நேராக இருக்கிறது, 37 டிகிரியிலும் தேறிவிட்டது, ஆனால் கேட் குளிர் ஜுரம் வந்தது போல உதறுகிறது என்றால் அச்சை விட்டுவிட்டு கொலைடரை (மோதலைக் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத உருவம்) பாருங்கள். ஜாயின்ட்டால் இணைத்த இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று மோதாதபடி யூனிட்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் நாம் கேட்டை உலகத்தோடு அல்லவா இணைத்தோம், தூணோடு இல்லையே. தூணின் கொலைடர் கேட்டின் கீல் ஓரத்தை வெளியே தள்ளுகிறது, ஜாயின்ட் உள்ளே இழுக்கிறது. தூணுக்கு ஒரு ரிஜிட் பாடி போட்டு எது தள்ளினாலும் அசையாதபடி இஸ் கைனமாட்டிக் டிக் செய்து, அதையே கனெக்டட் பாடியாகக் கொடுங்கள். சோம்பலாக இருந்தால் கேட்டின் கொலைடரைக் கீல் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் குறைத்துவிடுங்கள். நிஜக் கேட்டிலும் தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விட்டுத்தான் வெல்டிங் வைப்பார்கள்.